வினையும் தொழிற்பெயரும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ‘தடு’ என்னும் வினையடி ‘ஐ’ விகுதி பெற்றுத் ‘தடை’ என்னும் தொழிற்பெயராயிற்று. ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ என்பது பிடிக்கும் செயலையும் பிடிபட்ட மீனையும் வடிவம் மாறாமலே குறிக்கும். பிடிபட்டதற்கு மீனவர் வழங்கும் அழகிய சொல் ‘மீன்பாடு’. வலையில் அகப்படுதலைக் குறிக்கும் ‘படு’, முதல் நீண்டு ‘பாடு’ ஆனமையால் இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆங்கிலத்தில் ‘சிங்’ என்னும் வினை ‘சாங்’ எனப் பெயராவதும் ஏறத்தாழ இத்தகையதே.

மொழிபெயர்ப்போர் இடறுவது ‘ஃபிஷிங்’ என்னும் வடிவத்தில். அது தனித்துப் பெயராகும். துணைவினையோடு சேர்ந்து வினையுமாகும். தமிழோ ‘மீன்பிடித்தல்’, ‘மீன் பிடிக்கிறார்’ எனப் பிரித்துரைக்கும். தொழிற்பெயர் காலம் காட்டாது. வினையாலணையும் பெயர் காட்டும். ‘பிடித்தலுக்குத் தடை’ என்றால் இனி நிகழவிருப்பதும் அடங்கும். ‘பிடித்தவர்க்குத் தண்டம்’ என்பது முடிந்த செயலுக்கே உரியது.