முப்பது வயதில் செவிலியர் கல்லூரி

1948ஆம் ஆண்டு. கொல்கத்தாவின் எண்டாலிப் பகுதியிலுள்ள புனித மேரி பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் கற்பித்துத் தலைமையாசிரியையாகவும் விளங்கிய பெண்மணி ஒருவர், 38 வயதை எட்டிய நிலையில் பாட்னாவுக்குப் புறப்பட்டார். அங்குள்ள திருக்குடும்ப மருத்துவமனையில் அவர் மாணவியானார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் நோயாளியைப் பேணுவதையும் தம்மைவிட இளையவர்களோடு நின்று கற்றார். சில மாதங்களில் கொல்கத்தா திரும்பி, மோதிஜீல் குடிசைப் பகுதியில் பணியைத் தொடங்கினார். அன்னை தெரசா என உலகம் பின்னர் அறிந்தது அவரைத்தான்.

அவர் பெற்றது பட்டமன்று. குறுகிய காலப் பயிற்சி. இன்று மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்ற அது போதாது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்தவரே செவிலியர் ஆவார். குடும்பப் பொறுப்பை ஏற்றபின் இப்படிப்பை நாடுவோர் எதை முதலில் ஆராய வேண்டும்?

லேக் மார்க்கெட் அருகே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அக்குடும்பத்தின் தாய்க்கு வயது 32. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, திருமணமாகிக் கொல்கத்தா வந்தவர். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குச் செல்கின்றனர். இப்போது செவிலியர் ஆக விரும்புகிறார். உறவினர் யாவரும், "எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?" என்றே கேட்கின்றனர். அக்கேள்வி பிறகு வரவேண்டியது. எந்தப் படிப்பில் சேரத் தமக்குத் தகுதி உண்டு என்பதே அவர் முதலில் அறிய வேண்டியதாகும்.

பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் பட்டப்படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் சேர்த்து 45 விழுக்காடு மதிப்பெண்ணும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும் என்பது பொதுப் பிரிவினருக்கான விதி. மேற்கு வங்கத்தில் 'ஜென்பாஸ்' என்னும் நுழைவுத் தேர்வும் உண்டு. அத்தாய் வணிகவியல் படித்திருந்தால் இவ்வழி மூடியிருக்கும். எனினும் முற்றிலும் மூடிவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியே அறிவியல் பாடங்களை எழுதித் தேறியவரையும் விதிகள் ஏற்கின்றன. திருமணமானவரும் சேரலாம் என்று அவ்விதிகளில் தனியாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரியைப் படித்தறியாமல் ஆசையைக் கைவிட்டவர் எத்தனை பேரோ!

ஜி.என்.எம். என்பது மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. இதில் எப்பிரிவில் படித்தவரும் 40 விழுக்காடு மதிப்பெண்ணுடன் சேரலாம். ஆங்கிலத்திலும் தனியே 40 விழுக்காடு வேண்டும். ஆனால் உயர்ந்த அளவு வயது 35. ஆகவே 32 வயதுத் தாய் நெடுநாள் தயங்கி நிற்க இயலாது. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்துகொண்டவர், பின்னர் இரண்டாண்டு 'போஸ்ட் பேசிக்' படிப்பின் வழியே பட்டம் பெறலாம்.

நான்கு ஆண்டா, மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டா? கணக்குப் பார்த்தால் முதலாவதே குறைவு. குடும்பக் கணக்கு வேறு. பட்டப்படிப்பில் நான்கு ஆண்டும் ஊதியமின்றிக் கழியும். பட்டயம் பெற்றவர் மூன்றாண்டுக்குப் பின் ஊதியம் பெறத் தொடங்கிவிடலாம். கணவரின் வருவாயில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்தும் வீட்டுக்கு அந்த ஓராண்டு சிறிதன்று. இன்னொரு புறம், முதுநிலைப் படிப்புக்கும் ஆசிரியப் பணிக்கும் பட்டம் தேவை. தொலைவில் அவற்றை நோக்குபவர் நான்காண்டைத் தேர்வது தவறாகாது.

பணத்தைவிடக் கடினமானது நேரம். செவிலியத்தை வீட்டிலிருந்தபடி அஞ்சல் வழியில் தொடக்கம் முதல் கற்க முடியாது. தேர்வெழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுமுன் மருத்துவமனைப் பயிற்சியை முழுமையாக, 100 விழுக்காடும் நிறைவு செய்திருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால், அந்த நாளைப் பின்னர் ஈடு செய்தே தீரவேண்டும். இரவுப் பயிற்சியும் உண்டு. விடுதியில் தங்குவதைக் கட்டாயமாக்கிய கல்லூரிகளும் பல. எனவே விண்ணப்பத்தை நிரப்புமுன், வீட்டில் அனைவரும் கூடியமர்ந்து யார் சமைப்பார், யார் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவார் என்று பேசிக்கொள்வது நலம். பல பெண்களின் படிப்பு நின்றுபோவது தேர்வு அறையிலன்று, அடுக்களையில்தான்.

அடுத்ததாக ஓர் எச்சரிக்கை. ஓராண்டில் 'நர்சிங்' கற்பிப்பதாக விளம்பரப் பலகை வைத்த நிலையங்கள் பெருநகரங்களில் உண்டு. அங்குப் பயின்றவர், வீடுகளில் முதியோரைக் கவனிக்கும் பணியில் சேரலாம். கொல்கத்தாவில் அத்தகையோரை 'ஆயா' என்பர். மதிப்புக்குரிய பணியே அது. ஆனால் பதிவு பெற்ற செவிலியர் பணி அன்று. கட்டணம் செலுத்துமுன், அக்கல்லூரிக்கு மேற்கு வங்கச் செவிலியர் மன்றத்தின் ஏற்பும், பட்டப்படிப்பாயின் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா என்று பார்க்க வேண்டும். இம்மாநிலத்தில் அப்பல்கலைக்கழகம் மேற்கு வங்கச் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் ஆகும்.

தமிழ்நாட்டுக்கும் இப்படிப்புக்கும் நெடிய உறவு உண்டு. 1946இல் இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கிய இரண்டு இடங்களுள் ஒன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, மற்றொன்று தில்லி. இன்றும் கொல்கத்தா மக்கள் சிகிச்சைக்காக வேலூரை நாடிச் செல்கின்றனர். காட்பாடி நிலையத்தில் இறங்குவோரிடையே வங்காளப் பேச்சு சாதாரணமாகக் கேட்கும். மொழி தெரியாத ஊரில் நோயோடு நிற்கும் அவர்களிடம் செவிலியர் ஒருவர் வங்காளத்தில் இரண்டு சொற்கள் பேசினால், அவர்கள் முகம் தெளிந்துவிடும்.

கொல்கத்தாவில் படிக்க விரும்பும் தமிழ்த் தாய்க்கும் இதே மொழிச் சிக்கல் உண்டு. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். கட்டிலில் கிடக்கும் பாட்டியோ வங்காளத்தில்தான் முனகுவார். "கோத்தாய் பேத்தா?" என்று கேட்டால்தான் எங்கே வலிக்கிறது என்பதை அவர் சொல்வார். சந்தையில் மீன் வாங்கப் பழகிய மொழி அங்குப் போதாது. நல்லவேளையாக, அதைக் கற்பிக்க ஆசிரியரைத் தேடி அத்தாய் வெளியே செல்ல வேண்டியதில்லை. தெருவில் வங்காளப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த மகள், மாலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு அருகிலேயே அமர்ந்திருக்கிறாள்.