எல்லாமே மாரடைப்பு அல்ல

சென்ற ஆண்டு என் பெரியப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, கையில் கொடுத்தனுப்பிய தாளில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதியிருந்தது. பொருள் கேட்டார். 'இதயச் செயலிழப்பு' என்று சொன்னேன். செயலிழந்துவிட்ட இதயத்துக்கு மாத்திரை எதற்கு என்று அவர் மருந்துகளை நிறுத்திவிட்டது எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டே வாரத்தில் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. மீண்டும் மருத்துவமனைக்கு ஓடினோம்.

நான் சொன்னது வழக்கில் உள்ள கலைச்சொல்தான். ஆனால், அந்த நோயில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க முடியாதபடி அது பலவீனப்படுகிறது அல்லது விறைத்துப்போகிறது. அதனால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. உப்பைக் குறைத்து, மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். 'இதயத் தளர்ச்சி' என்று சொல்லியிருந்தால் பெரியப்பா அவ்வளவு பயந்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மாரடைப்பு வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட, அந்தத் தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. அப்போதும் பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். நோயாளி பேசுவார், நடக்கவும் செய்வார். அதனால்தான் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை வழக்கமான அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

மூன்றாவது, இதயத்துடிப்பு நிறுத்தம். இதயத்தின் மின் இயக்கம் குலைந்து, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று சரிந்துவிடுவார். தட்டி எழுப்பினால் பதில் இருக்காது. இயல்பான மூச்சும் இருக்காது. மாரடைப்பு இதற்கு ஒரு காரணம். அதுவே ஒரே காரணமன்று. இருந்தும், ஆடுகளத்தில் இளைஞர் ஒருவர் சுருண்டு விழுந்தாலும் செய்தியில் 'மாரடைப்பால் மரணம்' என்றே எழுதுகிறோம்.

வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மாரடைப்பு வந்து நினைவோடு இருப்பவரின் மார்பை அழுத்தக் கூடாது. 108-ஐ அழைத்து விரைவாக மருத்துவமனை சேர்க்க வேண்டும். துடிப்பு நின்றவருக்கோ அருகில் இருப்பவரின் கைகள்தாம் முதல் சிகிச்சை. 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தியபடியே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. இடையில் வரும் கேவல் போன்ற மூச்சைக் கண்டு, சுவாசிக்கிறார் என்று நிறுத்திவிடக் கூடாது. பலர் ஏமாறும் இடம் அது.

இரண்டாம் முறை வீடு திரும்பும் முன் மருத்துவரையே தமிழில் விளக்கும்படி கேட்டேன். "பம்பு பழசாயிடுச்சு ஐயா, ஆனா ஓடிக்கிட்டுதான் இருக்கு. பார்த்து ஓட்டணும்" என்றார். கிணற்று மோட்டாரோடு நாற்பது ஆண்டுகள் மல்லாடிய பெரியப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இப்போது தினமும் காலையில் எடை பார்த்து, நாட்காட்டியில் குறித்துவைக்கிறார்.