கடலுக்குள் ராட்சத காற்றாலை! மீனவர் வலை எங்கே விழும்?

பொன்னேரி:
நடுக்கடலில் ராட்சத காற்றாலைகளை நட்டு கரண்ட் எடுக்கப் போகிறார்கள்! பழவேற்காட்டில் அல்ல. தெற்கே, மன்னார் வளைகுடா பக்கம். ஆனால் கரண்டுக்காக கடற்கரை கைமாறினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? பொன்னேரி தாலுகாவுக்கு வந்து பாருங்கள்.

ரூ.7,453 கோடி

காற்றாலை நமக்குப் புதிது அல்ல. 1986-லேயே தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சுழன்றது. பிறகு முப்பந்தலில் வரிசை வரிசையாக வந்தது. அதெல்லாம் தரையில். கடலில் மலை இல்லை, மரம் இல்லை. காற்று பலமாக வீசும். அதிக நேரமும் வீசும்.

டென்மார்க் நாட்டில் 1991-லேயே கடலில் 11 காற்றாலைகளை நிறுத்திவிட்டார்கள். அதுதான் உலகில் முதல்.

இந்தியாவில் 2015-ல் கொள்கை வந்தது. 2030-க்குள் 30 ஆயிரம் மெகாவாட் என்று 2018-ல் இலக்கும் வைத்தார்கள். ஆனால் நம் கடலில் இன்னும் ஒன்றுகூட சுழலவில்லை. காரணம், செலவு! கடலடியில் அஸ்திவாரம், கரை வரை கேபிள், தூக்கி நிறுத்த தனிக் கப்பல்.

இதற்குக் கைகொடுக்க 2024 ஜூன் மாதம் மத்திய மந்திரிசபை ரூ.7,453 கோடிக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500 மெகாவாட். இரண்டு துறைமுகங்களைச் சீர்படுத்த 600 கோடியும் இதில் சேர்த்தி.

சாம்பல் இல்லை, ஆனால்...

புகை கிடையாது, சாம்பல் கிடையாது. நல்ல திட்டம்தான். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தால் மீன் என்ன ஆகும் என்று எண்ணூர், அத்திப்பட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கரைக்கு வந்தது சாம்பல் மட்டுமா? அனல்மின் நிலையங்கள் வந்தன. எண்ணூர் துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளி துறைமுகம் வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக்கூடாது. எல்லாமே நாட்டுக்கு நல்லதுதான். ஒவ்வொரு தடவையும் ஒதுங்கியவர் மீனவர்.

பட்டா இல்லாத தொழில்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இதற்குப் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. ஊர்க்கட்டுப்பாடுதான் சாட்சி.

காற்றாலைக் கம்பெனிக்கோ பத்திரம் உண்டு! 2023-ல் வந்த விதிப்படி கடல் பரப்பை 35 ஆண்டு குத்தகைக்கு எடுக்கலாம். ஒரு பக்கம் முத்திரை குத்திய காகிதம். மறுபக்கம் வெறும் வழக்கம். தகராறு வந்தால் எது ஜெயிக்கும்?

பிரிட்டனில் காற்றாலைகளுக்கு நடுவே படகு போகலாம், மீன் பிடிக்கலாம். பக்கத்து நாடான பெல்ஜியத்தில் உள்ளே போய் மீன் பிடிக்க முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி காற்றாலைதான். சட்டம்தான் வேறு.

நம் ஊரில் எந்தச் சட்டம்? படகு உள்ளே போகலாமா? வலை அறுந்தால் யார் பணம் தருவது? வேலை நடக்கும் மாதங்களில் அடுப்பு எரிய என்ன வழி? தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை உள்ள மீனவருக்கு இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வர வேண்டும். அதுவும் கடலில் முதல் தூண் இறங்குவதற்கு முன்பே!