குறைவாகச் சுழலும் பந்து யாருக்கு நல்லது?

மாணவர்களே, விளையாட்டுப் பொருள் விற்கும் கடையில் கோல்ஃப் பந்துகளை அடுக்கி வைத்திருக்கும் பகுதியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பெட்டியில் 12 பந்துகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. ஆனால் ஒரு பெட்டியின் விலை மற்றொன்றின் விலையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். சில பெட்டிகளின் மேல் ‘குறைந்த சுழற்சி’, ‘நேராகப் பறக்கும்’, ‘அதிகத் தூரம் போகும்’ என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள்.

பள்ளி அணியில் கோல்ஃப் ஆடும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கிய பந்து குளத்தில் விழுந்தாலே மனம் வலிக்கும். தவறான வகைப் பந்தை வாங்கி, பன்னிரண்டும் நம் ஆட்டத்துக்கு ஒத்துவராமல் போனால் எப்படி இருக்கும்? ‘குறைந்த சுழற்சி’ என்பது விளம்பரச் சொல் மட்டுமன்று. அது ஓர் இயற்பியல் கூற்று. அதனால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். கோல்ஃப் ஆடாதவர்களும் தொடர்ந்து படியுங்கள். காற்பந்தும் மேசைப்பந்தும் காற்றில் வளைவதற்கும் இதே காரணம்தான்.

பந்து ஏன் சுழல்கிறது?

கோல்ஃப் மட்டையின் முகம் நேர்ச்செங்குத்தாக இருப்பதில்லை. சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதிகத் தூரம் அடிக்கப் பயன்படும் ‘டிரைவர்’ மட்டையில் இச்சாய்வு ஏறக்குறைய 10 பாகை. குறுந்தூரத்துக்கான ‘வெட்ஜ்’ மட்டையில் 45 பாகைக்கும் மேல். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய 0.0005 விநாடிதான். அதற்குள் பந்து நசுங்கி, சாய்ந்த முகத்தில் உராய்ந்து, பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்புகிறது. இதைப் பின்சுழற்சி என்கிறோம். பந்தின் மேற்பகுதி அடித்தவரை நோக்கியும் கீழ்ப்பகுதி இலக்கை நோக்கியும் நகரும்.

சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவரால் அடிக்கும்போது பந்து நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,700 முறை சுழலும். வெட்ஜால் அடித்தால் 9,000 முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,700ஐ 60ஆல் வகுத்தால் விநாடிக்கு 45 சுற்று. பந்து காற்றில் 6 விநாடி இருந்தால் ஏறக்குறைய 270 முறை தன்னைத்தானே சுற்றிவிட்டுத் தரைக்கு வருகிறது.

காற்று என்ன செய்கிறது?

சுழலும் பந்து, தன் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. பின்சுழற்சி உள்ள பந்தின் மேற்புறத்தில் காற்று பரப்போடு அதிக நேரம் ஒட்டிக்கொண்டு சென்று, பின்பக்கத்தில் கீழ்நோக்கித் திரும்புகிறது. அடிப்புறத்தில் காற்று முன்னதாகவே பிரிந்துவிடுகிறது. மொத்தத்தில், பந்து தனக்குப் பின்னால் வரும் காற்றைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ள வேண்டும். இந்த மேல்நோக்கிய தள்ளலே தூக்குவிசை.

சாய்வாக அடித்த டென்னிஸ் பந்து வளைந்து செல்வதை நியூட்டன் 1672ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஜெர்மன் அறிவியலாளர் குஸ்தாவ் மேக்னஸ் 1852இல் இதை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார். அவர் பெயரால் இது ‘மேக்னஸ் விளைவு’ எனப்படுகிறது. 1890களில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டேட் இதைக் கோல்ஃப் பந்துக்குப் பொருத்தி, பின்சுழற்சி பந்தை அதிக நேரம் காற்றில் தாங்குகிறது என்று விளக்கினார். அவருக்கு வீட்டிலேயே ஒரு சோதனையாளர் இருந்தார். அவருடைய மகன் ஃபிரெடி டேட், 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியின் வெற்றியாளர்!

வேகமாக அடித்த பந்தில் தொடக்கத்தில் தூக்குவிசை பந்தின் எடையையே மிஞ்சக்கூடும். ஆகவே சுழற்சி என்பது கோல்ஃபில் எதிரி அன்று. சுழற்சியே இல்லாத பந்து விரைவில் தரையைத் தொட்டுவிடும்.

பள்ளங்களும் நம் நாட்டு மரமும்

கோல்ஃப் பந்தின் மேல் உள்ள பள்ளங்களுக்கும் இதில் பங்குண்டு. பெரும்பாலான பந்துகளில் 300 முதல் 500 வரை பள்ளங்கள் இருக்கும். அவை பரப்பை ஒட்டிய காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்றுப் படலம் பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிச் செல்கிறது. இதனால் பந்துக்குப் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தப் பகுதி சுருங்கி, இழுவிசை குறைகிறது. பள்ளமே இல்லாத வழுவழுப்பான பந்தை அதே வேகத்தில் அடித்தால் ஏறக்குறைய பாதித் தூரம்தான் போகும்.

இந்த உண்மை தெரியவந்ததில் நம் வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. மலாய்த் தீவக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால் உறைந்தால் ‘கெத்தா பெர்ச்சா’ கிடைக்கும். உள்ளூர் மக்கள் இதைக் கொண்டு கத்திப் பிடிகள் செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுக்குள், 1848 வாக்கில், ஸ்காட்லாந்தில் இப்பொருளால் கோல்ஃப் பந்து செய்தார்கள். அதுவரை தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்த விலையுயர்ந்த பந்துகளே இருந்தன. புதிய பந்து வழுவழுப்பாக இருந்தது, ஆனால் சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகளே நன்றாகப் பறந்தன! அதைக் கண்டு, புதிய பந்துகளிலேயே கோடுகளைப் பொறிக்கத் தொடங்கினார்கள். பிறகு 1905இல் வில்லியம் டேலர் என்ற ஆங்கிலேயர் பள்ளங்களுக்குக் காப்புரிமை பெற்றார்.

‘நேராகப் பறக்கும்’ என்பது உண்மையா?

இப்போது பெட்டியின் மேல் உள்ள வாசகத்துக்கு வருவோம். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போவதை ‘ஸ்லைஸ்’ என்பார்கள். புதிதாக ஆடுபவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. மட்டை வீசப்படும் திசைக்கும் மட்டையின் முகம் பார்க்கும் திசைக்கும் பொருத்தம் இல்லாதபோது இது நிகழ்கிறது.

பலர் நினைப்பதுபோல், பந்து பின்சுழற்சி, பக்கச்சுழற்சி என இரண்டு சுழற்சிகளோடு பறப்பதில்லை. ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஓர் அச்சைச் சுற்றித்தான் சுழலும். ஸ்லைஸில் அந்த அச்சு சாய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அச்சு சாய்ந்தால் தூக்குவிசையும் சாயும். சாய்வு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். சைன் 10 பாகை ஏறக்குறைய 0.17. எனவே மொத்த விசையில் 17 விழுக்காடு பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

குறைந்த சுழற்சிப் பந்து இங்கே என்ன செய்யும்? மொத்த விசையைக் குறைக்கும். அதனால் பக்கவாட்டு விசையும் குறையும். பந்து குறைவாக வளையும். ஆகவே பெட்டியில் உள்ள வாசகம் பொய் இல்லை. ஆனால் அதே அளவில் மேல்நோக்கிய விசையும் குறைகிறது. அச்சின் சாய்வு மாறவில்லை. சாய்வுக்குக் காரணம் மட்டையின் முகம், அது ஆட்டக்காரரின் கையில் இருக்கிறது. காய்ச்சலைத் தணிக்கும் மருந்து நோயைத் தீர்க்காததுபோல்தான் இதுவும்.

உண்மையிலேயே தானாக நேராகும் பந்து ஒன்றும் வந்தது. 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த ‘போலாரா’ பந்தில் நடுவில் ஒரு பட்டையாக ஆழமான பள்ளங்களும், இரு துருவங்களிலும் ஆழமற்ற பள்ளங்களும் இருந்தன. பறக்கும்போது அது தன் அச்சைத் தானே சரிசெய்துகொண்டது. 1981இல் விதிமுறையில் ‘பந்து எல்லாப் பக்கமும் சமச்சீராக நடந்துகொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. போட்டியில் அத்தகைய பந்துக்கு இடமில்லாமல் போனது.

பந்தின் உள்ளே

விதிப்படி கோல்ஃப் பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த எல்லைக்குள் சுழற்சியை மாற்ற முக்கிய வழி, பந்தின் அடுக்குகளை மாற்றுவதுதான்.

மென்மையான உட்கரு, அதன் மேல் கடினமான ‘அயனோமர்’ உறை: இது விலை மலிவான இரண்டடுக்குப் பந்து. வேகமாக அடிக்கும்போது உட்கரு நசுங்குகிறது, கடினமான உறை மட்டையில் அதிகம் பற்றுவதில்லை. சுழற்சி குறைகிறது. உறை எளிதில் கிழியாது, நீண்ட நாள் உழைக்கும்.

விலை அதிகமான பந்துகளில் மூன்று, நான்கு அடுக்குகள் இருக்கும். வெளியே மெல்லிய, மென்மையான ‘யூரிதேன்’ உறை, அதன் கீழே கடினமான அடுக்கு. டிரைவரால் ஓங்கி அடித்தால் பந்து முழுவதும் நசுங்குவதால் உட்கருவின் குணமே வெளிப்படும், சுழற்சி குறையும். வெட்ஜால் மெதுவாக அடித்தால் வெளி உறை மட்டுமே வேலை செய்யும். அது மட்டையின் வரிப்பள்ளங்களில் பற்றிக்கொண்டு மிகுதியாகச் சுழலும். ஒரே பந்து இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. கூடுதல் விலை இதற்குத்தான்.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் உங்கள் பந்து எப்படிப் பறக்கிறது என்று கவனியுங்கள். வேகமாக அடிப்பவராக இருந்து, பந்து தேவைக்கு மேல் உயர எழும்பி, எதிர்க்காற்றில் நின்று தொப்பென விழுகிறதா? சுழற்சி மிகுதி என்று பொருள். உங்களுக்குக் குறைந்த சுழற்சிப் பந்து தூரம் சேர்க்கும்.

மெதுவாக வீசுபவரா? பந்து ஏற்கெனவே தாழ்வாகப் பறக்கிறதா? தூக்குவிசை வேகத்தைப் பெரிதும் சார்ந்தது. வேகம் குறைவாக உள்ள பந்துக்குக் கிடைக்கும் தூக்குவிசையே குறைவு. சுழற்சியையும் குறைத்தால் பந்து சீக்கிரம் தரையிறங்கும். வளரும் வயதில் உள்ள மாணவர்கள் பலர் இந்த வகையில்தான் வருவார்கள். பெரியவர்கள் பயன்படுத்தும் பந்தையே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்து, குழியைச் சுற்றியுள்ள புல்தளத்தில் பந்து விழுந்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். நிற்காமல் ஓடித் தளத்தைத் தாண்டினால் சுழற்சி போதவில்லை. ஒரு சுற்று ஆட்டத்தில் டிரைவரை அதிகம் போனால் 14 முறைதான் எடுப்போம். மற்ற அடிகள் எல்லாம் அதைவிடக் குறைந்த தூரத்துக்கானவை. ஆகவே பந்தைத் தேர்ந்தெடுக்கும்போது குழிக்கு அருகில் சோதித்துவிட்டு, பிறகு பின்னோக்கி நகர்வதே சரியான வரிசை.

நம் நாட்டு வானிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 30 பாகை வெப்பத்தில் உள்ள காற்று, 10 பாகைக் குளிரில் உள்ள காற்றைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. இழுவிசை, தூக்குவிசை இரண்டும் அந்த அளவு குறையும். கேமரன் மலைத் திடலில் உயரத்தினால் காற்று இன்னும் மெல்லியது. மாலை மழையில் மட்டை நனைந்தாலோ உராய்வு குறைந்து வெட்ஜ் அடியின் சுழற்சி பெரிதும் சரியும். குளிர்நாட்டு ஆட்டக்காரர் சொன்ன அறிவுரையை அப்படியே பின்பற்ற முடியாது.

இன்னும் வாரத்துக்கு ஆறு பந்துகளைத் தொலைக்கும் நிலையில் இருந்தால், மலிவான இரண்டடுக்குப் பந்தே போதும். மிச்சமாகும் பணத்தில் பயிற்சித் திடலுக்குப் போகலாம்.

செய்து பாருங்கள்

1. இரண்டு காகிதக் குவளைகளின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டுங்கள். மூன்று ரப்பர் வளையங்களைச் சங்கிலிபோல் கோத்து, நடுவில் சுற்றுங்கள். வளையத்தின் நுனி குவளையின் அடிப்புறமாக முன்னோக்கி வரட்டும். நுனியை ஒரு கையால் பிடித்து, குவளையைப் பின்னால் இழுத்து விடுங்கள். பின்சுழற்சியால் அது மேலே எழும்பும். வளையத்தை மேற்புறமாக வரவிட்டால் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

2. மேலே உள்ள நிறையையும் விட்டத்தையும் கொண்டு பந்தின் அடர்த்தியைக் கணக்கிடுங்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.13 கிராம் வரும். அதனால் தண்ணீரில் மூழ்கும். ஒரு லிட்டர் நீரில் கால் கிலோ உப்பைக் கரைத்தால் மிதக்கும். மிதக்கும் பந்தின் உச்சியில் ஒரு புள்ளி வைத்து, நீரிலேயே சுழற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி மேலே வந்தால் பந்தின் ஈர்ப்பு மையம் நடுவில் இல்லை. அந்தப் பந்து நேராக உருளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டியின் மேல் எதை அச்சிட்டிருந்தாலும், ‘இது எந்த விசையைக் குறைக்கிறது? அதற்கு ஈடாக நான் எதை இழக்கிறேன்?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்ட பிறகு பணத்தை எடுங்கள். காலணி, மிதிவண்டி, கைப்பேசி வாங்கும்போதும் இக்கேள்விகள் உதவும்.