பாவு பிணைத்தல்: மீண்டு வரும் நெடுந்தொடரும் சுவைஞர் உள்ளமும்

முன்னுரை

காஞ்சி மாநகரின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் அந்தி வேளையில் நடந்து செல்வோர் இருவேறு ஒலிகளைக் கேட்பர். ஒன்று, ஊடையிழையை அடித்து இறுக்கும் தறியின் ஓசை. மற்றொன்று, அதே வீட்டுக் கூடத்திலிருந்து எழும் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல, உறவே என்பதை நாம் உணர நெடுநாள் ஆயிற்று.

நெடுந்தொடர்கள் நேரத்தைத் தின்பவை, நல்லுணர்வைக் கெடுப்பவை என்று ஆசிரியர் அறையிலும் மேடையிலும் பேசி வந்தவர்களுள் நாமும் அடங்குவோம். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிறைவுற்ற 'எதிர்நீச்சல்' என்னும் தொடர், அவ்வாண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்னும் பெயரில் மீண்டும் வருகிறது என்ற செய்தி பரவியபோது, நம் வகுப்பிலும் சலசலப்பு எழுந்தது. வழக்கம்போல் கடிந்துகொண்டோம். நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து நின்று, "ஐயா, சிலப்பதிகாரத்தில் ஒரு காதையை மூன்று வாரம் நடத்துகிறீர்கள். அது மெதுவாகப் போகிறது என்று நாங்கள் குறை சொன்னதில்லை. என் அம்மா ஆறு மாதம் காத்திருந்த கதை மட்டும் எப்படிக் குற்றமாகும்?" என்று பணிவோடு வினவினாள்.

அவ்வினாவிற்கு அன்று நம்மிடம் விடை இல்லை. விடைகாணும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

மெல்ல நடப்பதன் காரணம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொடக்கக் காலத் தொடர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை வந்து, பதின்மூன்று வாரங்களில் நிறைவெய்தின. சிறுகதை படிப்பது போன்ற நுகர்வு அது. தனியார் அலைவரிசைகள் வேரூன்றிய பின்னர் இந்நிலை மாறிற்று. 1999இல் தொடங்கி 2001 வரை ஒளிபரப்பான 'சித்தி', 2002 முதல் 2005 வரை எண்ணூறு பகுதிகளைக் கடந்து நடந்த 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை ஆயிரத்தைந்நூறு பகுதிகளையும் கடந்த 'கோலங்கள்' ஆகியவை அன்றாடத் தொடர் என்னும் வடிவத்தைத் தமிழ் இல்லங்களில் நிலைபெறச் செய்தன.

அரைமணி நேரத்தில் விளம்பரம் போக எஞ்சுவதே கதைக்குரிய நேரம். அச்சிறு பொழுதிலும் முன்னாள் நிகழ்ந்ததைச் சற்றே நினைவூட்ட வேண்டும். மறுநாள் வரவழைக்கும் ஒரு முடிச்சையும் இட வேண்டும். ஆகவே கதை மெல்ல நடத்தல் வடிவத்தின் இயல்பு. வணிக நோக்கும் இதற்குத் துணைசெய்கிறது. பார்ப்போர் மிகுந்த தொடரை விரைவில் முடிக்க எந்த நிறுவனமும் விரும்புவதில்லை.

எனினும் இவை படைப்போர் பக்கத்துக் காரணங்கள் மட்டுமே. பார்ப்போர் பக்கத்துக் காரணத்தைத் தறி வீட்டிலேதான் நாம் கண்டோம். தறியில் இருப்பவரின் கண் இழையில் இருக்கும். காது கதையில் இருக்கும். சமைப்பவர், பூத்தொடுப்பவர், குழந்தைக்குச் சோறூட்டுபவர் அனைவரும் அவ்வாறே. தொடர் என்பது பாதி பார்க்கப்படுவது, பாதி கேட்கப்படுவது. ஒரு செய்தியை மும்முறை பேசுவதும், ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றவர் முகம் மாறுவதை நெடுநேரம் காட்டுவதும், வேலை நடுவே தலை நிமிர்பவர் கதையைத் தவறவிடாமல் இருக்க உதவுகின்றன. ஓய்ந்திருப்போர்க்கு இது சலிப்பைத் தரும். உழைத்துக்கொண்டே கேட்போர்க்கு இது வசதி. சலிப்படைந்த நாம் ஓய்ந்திருந்தவர்கள் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

முடிவு தெரிந்த கதை

'அடுத்து என்ன' என்னும் ஆவல் ஒன்றே மக்களைத் தொடரின்பால் ஈர்க்கிறது என்பது பொதுவான கருத்து. காஞ்சியைச் சூழ்ந்த தொண்டை மண்டலத்துச் சிற்றூர்கள் இக்கருத்தை மறுக்கின்றன.

வேனிற்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுகிறது. பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய சொற்பொழிவு. இரவில் விடியும்வரை கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அருச்சுனன் தவம், கண்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என இரவுதோறும் ஒரு பகுதியாகக் கதை வளர்கிறது. இறுதியில் மண்ணால் அமைக்கப்பட்ட துரியோதனன் உருவின்முன் படுகளம் நிகழ்ந்து, திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிக்கிறாள். தீமிதியோடு விழா நிறைவுறுகிறது. சபையில் அவிழ்ந்த கூந்தல் களத்தில் முடியும்வரை ஊரே காத்திருக்கிறது.

முடிவை அறியாதவர் அங்கு எவரும் இலர். கர்ணன் மடிவான் என்பது சிறுவர்க்கும் தெரியும். ஆயினும் பொன்னுருவி புலம்பும் வேளையில் கூட்டத்தில் கண் கலங்காதவர் அரியர். அவர்கள் புதுச்செய்தி அறிய வந்தவரல்லர். பழகிய மாந்தரோடு ஓர் இரவு உடனிருக்க வந்தவர்கள். இக்கலையைப் பேணுதற்கென 1990இல் காஞ்சிப் பகுதியில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கமும், பெருங்கட்டூர் இராஜகோபால் அவர்கள் 2002இல் தொடங்கிய குருகுலமும் இளைஞர்க்கு, அவருள்ளும் சிறுமியர்க்கு, இக்கூத்தைப் பயிற்றுவித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வுண்மையை நாடளாவிய நிகழ்ச்சி ஒன்றும் மெய்ப்பித்தது. 1987இல் தொடங்கி 1988இல் நிறைவுற்ற இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' தொடரைக் கொள்ளை நோய் ஊரடங்கின்போது, 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் மறுமுறை ஒளிபரப்பியது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடி மக்கள் அதனைக் கண்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதே நாள்களில் பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' தொடரும் மீண்டும் வந்தது. அதற்கு உரையாடல் வரைந்தவர் உருது, இந்தி எழுத்தாளர் ராஹி மாசூம் ரஸா என்னும் இசுலாமியர் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. தமிழில் 'மெட்டி ஒலி' அவ்வாண்டு மறுஒளிபரப்பாயிற்று. வெளியுலகம் அச்சம் தந்த வேளையில், எங்குச் செல்லும் என்று முன்னரே தெரிந்த கதையை மக்கள் நாடினர்.

பாவு பிணைத்தல்

பழைய தொடரை மீண்டும் ஒளிபரப்புவது எளிது. முடிந்த கதையைப் புதிதாகத் தொடர்வதே அரிது. அதன் அருமையை விளக்க நெசவுத் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம்.

தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில் அதனை அடியோடு களைந்துவிடுவதில்லை. பழைய பாவின் முனைகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே நிற்கும். அம்முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பர். இழைகள் ஆயிரக்கணக்கானவை. ஓரிழை மாறிப் பிணைக்கப்பட்டாலும் அப்பிழை துணியின் நீளம் முழுவதும் கோடாக ஓடும்.

இரண்டாம் பாகத்தைக் காண்போர் தேடுவது இப்பிணைப்பைத்தான். 'சித்தி' நிறைவுற்றுப் பல்லாண்டு கழித்து, 2020இல் 'சித்தி 2' வந்தபோது, பழைய பெயரும் பழைய நாயகியும் இருத்தலே பெரும் வரவேற்பிற்குக் காரணமாயின. அடுத்த ஆண்டே நடிகை ராதிகா அதனின்றும் விலகினார். தொடர் 2022 வரை நடந்ததாயினும், முதன்மை இழை அறுந்த ஏக்கம் பலர்க்குத் தீரவில்லை.

'எதிர்நீச்சல்' தொடரில் இவ்வேக்கம் இன்னும் ஆழமானது. ஆதி குணசேகரன் என்னும் ஆணாதிக்கம் மிக்க குடும்பத் தலைவனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று திடீரென மறைந்தார். கதையில் எவரை நாள்தோறும் வெறுத்தார்களோ, அவருக்காகவே மக்கள் வருந்தினர். பின்னர் அப்பாத்திரத்தை ஏற்றவர் 'குற்றப் பரம்பரை' புதினத்தின் ஆசிரியர் வேல ராமமூர்த்தி. இரண்டாம் பாகத்தில் ஜனனி என்னும் நாயகிப் பாத்திரத்திற்கும் வேறு நடிகை வந்தார். 'முகம் மாறினால் ஆள் மாறுமா' என்னும் வினா வீடுதோறும் எழுந்தது. கூத்தில் ஒரே இரவில் மூவர் மாறி மாறி ஒரு வேடம் கட்டினும் ஏற்கும் நம் மக்கள், தொடரில் மட்டும் ஏற்கத் தயங்குவானேன்? கூத்தில் முகத்தை அரிதாரம் மறைக்கிறது. தொடரிலோ முகமே கதை.

தொடர்ச்சி வேட்கை இன்று பிறந்ததன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்டும், நபிகள் நாயகத்தின் வரலாறு முற்றுப்பெறா நிலையிலேயே நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடினார். பெயரிலேயே 'சின்ன' என்னும் அடக்கத்தைச் சூட்டிக்கொண்ட அந்நூல், பிறர் நெய்த பாவில் தம் இழையைப் பிணைப்போர்க்கு என்றும் வழிகாட்டி எனலாம்.

கேட்போரே திறனாய்வாளர்

பார்ப்போர் எதையும் ஏற்கும் அப்பாவிகள் என்று எண்ணுதல் தவறு. கச்சியப்பர் தம் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றினார் என்பதும், அவ்வரங்கேற்றம் நாள்தோறும் நிகழ்ந்து ஓராண்டு நீண்டது என்பதும் மரபுவழிச் செய்திகள். முதல் நாளிலேயே முதற் பாடலின் முதற் சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று அவையினர் தடுத்தனர் என்றும், விதி வீரசோழியத்தில் காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் அம்மரபு கூறும். அன்பு மிக்க அவையே கடுமையாகவும் வினவும்.

நம் மாணவியரிடம் அவரவர் இல்லத்தார் கருத்தைக் கேட்டு எழுதி வருமாறு பணித்தோம். மூவகைக் குரல்கள் கிடைத்தன. பிரிந்த உறவினர் வீடு திரும்பியது போல மகிழ்ந்தோர் ஒரு சாரார். நன்றாக முடிந்ததை மீண்டும் ஏன் அவிழ்க்க வேண்டும் என்று ஐயுற்றோர் மற்றொரு சாரார். இழுக்கிறார்கள் என்று நாள்தோறும் குறைகூறிக்கொண்டே ஒரு நாளும் தவறாமல் பார்ப்போர் மூன்றாம் சாரார். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி.

எது குற்றம்?

நமக்கு வினா விடுத்த மாணவியின் தாய், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறிக்கு வந்தவர். கற்றும் அடுக்களையில் அடைபட்ட மருமகளிர் தம் காலில் நிற்க முயலும் கதையை அவர் தறியிலிருந்தே கேட்டார். மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா, தறிக்கு அனுப்புவதா என்ற வழக்கு வீட்டில் எழுந்தபோது, அக்கதைமாந்தரின் பெயர்களைச் சொல்லியே அவர் வாதாடினாராம். ஆகவே அவர்க்கு அத்தொடரின் இரண்டாம் பாகம் வெறும் பொழுதுபோக்கன்று. "முன்னால் வென்ற பெண்களை மறுபடியும் முதலிலிருந்து அழவிட்டால் நான் பார்க்க மாட்டேன்" என்பது அவர் தீர்ப்பு.

இத்தீர்ப்பில் நாம் கற்றது ஒன்றுண்டு. மெல்ல நடத்தல் வேறு. நின்ற இடத்திலேயே நிற்றல் வேறு. ஒரு பட்டுப்புடவை நெய்யப் பத்து நாளும் ஆகலாம், வேலைப்பாடு மிகின் ஒரு திங்களும் ஆகலாம். கோர்வைக் கரையாயின் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு வரிதோறும் இணைய வேண்டும். எனினும் பொழுது சாயும்போது துணி சிறிதேனும் வளர்ந்திருக்கும். ஊடை கோக்காமல் தறியை அடித்துக்கொண்டிருந்தால் ஓசைதான் மிகும், துணி வளராது. தொடரின் குற்றம் மெல்ல நடப்பதன்று, வளராமையே. ஒரே சூழ்ச்சி, ஒரே கண்ணீர், ஒரே அவமானம் என்று ஆண்டுக்கணக்கில் சுற்றும் கதை, தன்னை நம்பிக் காத்திருந்தவரின் மாலைப்பொழுதைத் திருடுகிறது. அதைக் கண்டிப்பது நம் கடமை. மெதுவாகச் செல்கிறது என்னும் ஒன்றற்காகவே, காத்திருப்போரை எள்ளுவது நம் பிழை.

நிறைவாக

மாணவர்கள் தம் இல்லத்தில் பார்க்கப்படும் தொடரைப் பாடநூலைப் போலவே வினாக்களோடு அணுகுதல் வேண்டும். இன்று கதை எவ்வளவு வளர்ந்தது, எந்த இழை விடுபட்டது, எந்த மாந்தர் நேற்றைவிட ஒன்று மிகுதியாக அறிந்தார் என்பன அவ்வினாக்கள். பெரியோர்கள், தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுமுன், ஒரு மாலை உடனமர்ந்து, இக்கதையில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று வீட்டுப் பெண்டிரைக் கேட்கலாம். கிடைக்கும் விடையில் அவர்தம் வாழ்க்கையே இருக்கக்கூடும்.

நாமும் ஒன்று செய்தோம். அம்மாணவியின் வீட்டிற்கு ஒரு மாலை சென்றிருந்தோம். தாயார் தறியினின்றும் எழவில்லை, தொடரும் ஓடிக்கொண்டிருந்தது. இடையே நாம் கதை புரியாது விழித்தபோது, நாடாவை நிறுத்தாமலே முன்கதையைச் சுருக்கி உரைத்தார். நம் வகுப்பறையில் நாம் சொல்லும் கதைச் சுருக்கம் எதுவும் அத்துணைத் தெளிவாக அமைந்ததில்லை.