கீழே நடப்பவர்க்கும் பனிச்சரிவு உண்டு

2003 பிப்ரவரி 1 என்றால் நமக்குக் கல்பனா சாவ்லாதான் நினைவுக்கு வருவார். அதே நாள் முற்பகலில் கனடாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 7 பேர் பனியில் புதைந்து இறந்தார்கள். கல்பனா உயிரிழந்த விண்கல விபத்துச் செய்தியின் பரபரப்பில் இங்கே அது அதிகம் பேர் கண்ணில் படவில்லை. பிள்ளைகளைப் பனிமலைக்கு அனுப்பும் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி அது.

ஸ்ட்ராத்கோனா-ட்வீட்ஸ்மூர் பள்ளியின் வெளிப்புறக் கல்விப் பயணம். மாணவர்கள் 14 பேர், பெரியவர்கள் 3 பேர். கிளேசியர் தேசியப் பூங்காவில், கானாட் ஓடைப் பள்ளத்தாக்கின் அடியில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அசட்டுத் துணிச்சல் ஏதும் இல்லை. புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ட்ரான்ஸீவர், பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி எல்லாம் இருந்தன. காலையில் அபாய அறிக்கையையும் பார்த்தார்கள். மரங்கள் உள்ள கீழ்ப்பகுதியில் மிதமான அபாயம், மேலே அதற்கு ஒரு படி அதிகம் என்றது அது. அவர்கள் போனது கீழே.

பனி உடைந்ததோ வெகு உயரத்தில், சியோப்ஸ் மலையின் வடக்கு முகத்தில். குழுவைச் சேராத வேறு இருவர் மேலே நின்றிருந்தார்கள்; பார்த்துக் கத்தினார்கள். அதற்குள் 17 பேரும் சிக்கிவிட்டார்கள். அந்த இருவரும் இறங்கி வந்து தோண்டினார்கள். 10 பேர் பிழைத்தார்கள்.

முந்தைய நவம்பரில் படிந்த பனி அடியில் பலமற்ற அடுக்காகவே நின்றுவிட்டது. அதன்மேல் வாரக்கணக்கில் புதுப்பனி ஏறியது. மேலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. 12 நாள் முன்பு அதே செல்கிர்க் மலைத்தொடரில் இன்னொரு சரிவு 7 பேரைக் கொன்றிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவுக்குப் பலியானோர் 29 பேர்.

கருவிகளை நம்பலாமா? முழுதும் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்படுவோர் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் ஏறக்குறைய மூன்று பேர்தான். கருவி எல்லாம் சரிவில் சிக்கிய பிறகு உதவுபவை. எந்த வழியில் போகிறோம் என்பதுதான் சிக்காமல் காப்பது. கனடா பூங்காத் துறை இதைப் புரிந்துகொண்டு நிலத்தையே மூன்று தரமாகப் பிரித்தது. மிகக் கடினமான தரத்தில் பள்ளிக் குழுக்களுக்கு அனுமதி இல்லை. நடுத்தரத்துக்குச் சான்று பெற்ற வழிகாட்டி கட்டாயம்.

சரிவுப் பாதையைப் பழகிய கண் காட்டிலேயே கண்டுகொள்ளும். அடர்ந்த மரங்களுக்கு நடுவே உச்சியிலிருந்து கீழ்வரை மொட்டையாக ஒரு பட்டை; அதில் வளைந்த இளம் புதர்கள்; ஓரத்து மரங்களில் மலைப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருக்கும். பறவை, கால்தடம் காட்டும் ஆசிரியர் இதையும் காட்டலாமே!

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உத்தராகண்டுக்கும் இமாச்சலுக்கும் நம் இளைஞர்கள் மலையேறப் போகிறார்கள். ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: நடக்கும் வழிக்கு மேலே 30 முதல் 45 டிகிரிச் சரிவு உண்டா? அதைப் பார்த்து முடிவெடுப்பவர் யார்? பதில் சொல்லத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள்.