கியரைக் கழற்றுதல்

கட்டுடைப்பு பற்றி நமது சிற்றிதழ்கள் நிறையவே எழுதிவிட்டன. இக்கட்டுரை இரும்பாலான ஒரு பொருளைக் கட்டுடைப்பது பற்றியது. கியர் வைத்த பழைய சைக்கிளை ஒரே பற்சக்கரத்தில் ஓடும் சைக்கிளாக மாற்றுவது எப்படி, யார் மாற்றலாம், யார் மாற்றக்கூடாது என்பதே விடயம். காலாண்டிதழில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நகரத்துக்கு வெளியே அகதி விடுதியில் தங்கவைக்கப்பட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் கேட்கமாட்டார்கள்.

எண்பதுகளில் செய்யப்பட்ட உருக்குச் சைக்கிள்கள் ஐரோப்பிய நகரங்களின் நடைபாதை ஓரங்களில் இன்றும் வீசப்படுகின்றன. பெரும்பாலானவற்றின் பிறேமும் அச்சுகளும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது டிறெயிலர், அதாவது செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளும் பொறி. குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு அதன் கம்பியையும் சிறு உருளைகளையும் தின்றுவிடுகிறது. திருத்தக் கேட்கும் கூலி சைக்கிளின் பெறுமதியைத் தாண்டுவதால் எறிகிறார்கள். அதேவேளை, கியர் இல்லாத புதுச் சைக்கிளை ‘எளிமை’ என்ற பெயரில் பல நூறு ஈரோவுக்கு விற்கும் கடைகளும் அதே நகரத்தில்தான் இருக்கின்றன.

கியர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் புதிதல்ல. ‘தூர் து பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடக்கிய ஹென்றி தெகிறான்ஜ், கியர் வயதானவர்களுக்குரியது என்று கருதியவர். 1937 வரை அப்பந்தயத்தில் டிறெயிலருக்கு அனுமதி இருக்கவில்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்திலிருக்கும் பெரிய பற்சக்கரம் செயினுக்கு வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். துன்பத்தை ஒழுக்கமாக உயர்த்திப் பிடிக்கும் இந்த மனோபாவத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் விறகையும் நோயாளியையும் சுமந்தவை ஒற்றைப் பற்சக்கரச் சைக்கிள்களே. டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் அவற்றில்தான். எவரும் அதை எளிமைத் தத்துவமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்தது அதுதான். ஆகவே மாற்றுவதற்கான நியாயம் ஒன்றே: செலவு குறைவு, பழுது குறைவு.

வேலையைத் தொடங்குமுன் பின் அச்சு வந்து அமரும் வெட்டைப் பாருங்கள். முழு முடிவும் அதில்தான் தங்கியிருக்கிறது. டிறெயிலரின் சுருள்வில்தான் இதுவரை செயினை இழுத்துப் பிடித்தது. அது போனபின் சக்கரத்தைப் பின்னே தள்ளியே செயினை இறுக்கவேண்டும். பழைய பந்தயச் சைக்கிள்களில் இவ்வெட்டு கிடையாக அல்லது சற்றுச் சரிவாக நீண்டிருக்கும். அப்படியானால் பிரச்சினை இல்லை. பிந்திய காலச் சைக்கிள்களில் அது செங்குத்தானது, சக்கரத்தை நகர்த்த இடமிராது. அதற்குச் செயின் இறுக்கி ஒன்று பூட்டவேண்டும். பழைய டிறெயிலரையே அதன் எல்லைத் திருகாணிகளால் ஓரிடத்தில் நிறுத்தி இறுக்கியாகப் பயன்படுத்தலாம். ஆனால் கழற்ற நினைத்த பொருளே திரும்ப வந்து தொங்குகிறது. அப்படியான சைக்கிளை விட்டு வேறொன்றைத் தேடுவதே நல்லது.

அடுத்தது கணக்கு. முன் பற்சக்கரத்தின் பற்களைப் பின்னதன் பற்களால் பிரியுங்கள். முன்னே 42, பின்னே 16 என்றால் 2.6 வரும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர் என்பதால், பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5.5 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீற்றர். சமதரை ஊருக்கு இது போதும். எதிர்க்காற்றோ சிறு ஏற்றமோ இருந்தால் பின்னே 18 பல் போடுங்கள். இளைஞர்கள் வேகத்தை எண்ணி 14 வாங்குவார்கள். சந்திக்குச் சந்தி நின்று புறப்படும்போது அதன் விலையை முழங்கால் கொடுக்கும்.

பழைய சைக்கிளின் பின்னே இருக்கும் ஐந்தாறு சக்கரங்களும் சேர்ந்தது ஒரே பிறீவீல். அது மரையில் திருகப்பட்டிருக்கும். அதன் வெட்டுக்குப் பொருந்தும் கழற்றியை வைஸில் பூட்டி, மேலே சக்கரத்தை வைத்து, கார் ஸ்டியரிங்போல இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஆண்டுக்கணக்காக மிதித்து மிதித்து இறுகிய மரை, எளிதில் அசையாது. கிறீஸ் பூசி ஒற்றைப் பிறீவீலை அதே மரையில் ஏற்றலாம். பழைய பிரெஞ்சுச் சைக்கிள்களின் மரை சற்று வேறானது, பொருந்தாததை வலுவில் திருகினால் மரை அழியும். பிந்திய சைக்கிள்களில் மரைக்குப் பதில் வரிகளுள்ள உருளை இருக்கும். அதில் ஒரு பற்சக்கரமும் இருபுறமும் இடைவளையங்களும் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பழைய கியர்ச் சக்கரத்தையே எடுத்துப் போடாதீர்கள். அதன் பற்கள் செயின் இலகுவாகக் கழன்று அடுத்ததற்குத் தாவுவதற்காகவே குட்டையாகவும் முறுக்கியும் வெட்டப்பட்டவை. உயரமான முழுப் பற்களுள்ள சக்கரமே வேண்டும்.

பலர் தவறவிடுவது செயின் கோடு. முன்னும் பின்னும் பற்சக்கரங்கள் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். இரண்டு முன் சக்கரங்கள் இருந்தால் உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் கோடு நெருங்கிவரும். அளவுகோலால் அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீற்றர் பிழை பரவாயில்லை. பின் சக்கரம் அதற்கு மேல் உள்ளே நின்றால், அச்சின் வலப்பக்க வளையங்களை இடப்பக்கம் மாற்றவேண்டும். அப்போது றிம்மும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்தி இடப்பக்கத்தை இறுக்கி நடுவுக்குக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பொறுமையற்றவர்கள் இதைக் கடையில் கொடுக்கலாம். பலன் பெரிது: கியருக்காக ஒருபக்கம் இழுத்துக் கட்டப்பட்டிருந்த சக்கரம் இருபக்கமும் சமமாக இறுகி முன்னைவிட உறுதியாகிறது.

செயினை வெட்டும்போது அச்சு வெட்டின் நடுவில் நிற்கும்படி அளந்து வெட்டுங்கள். பின்னர் நீளும்போது தள்ள இடம் வேண்டும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்றிமீற்றர் அளவு அசையவேண்டும். முன் சக்கரம் பூரண வட்டமாக இராது. பெடலைச் சுற்றி, மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளவு பாருங்கள். கிடை வெட்டில், பலமாக மிதிக்கும்போது செயின் வலப்பக்க அச்சை முன்னே இழுக்கும். ஆகவே கைப்பிடியால் பூட்டும் அச்சைவிட நட் போட்ட அச்சு நம்பிக்கையானது.

பிறேக்குகளில் கைவைக்க வேண்டாம். ஒன்றையொன்று சாராத இரண்டு பிறேக்குகள் இருக்கவேண்டும் என்பது ஜெர்மனியில் சட்டம். பாரம் குறையட்டும் என்று பின் பிறேக்கைக் கழற்றுவது வெறும் அலங்காரம்.

ஸ்ருட்கார்ட் போல மலைச்சரிவில் அமைந்த நகரத்தில் இருப்பவர்களும், எட்டு மணிநேரம் நின்று வேலைசெய்து முழங்கால் தேய்ந்தவர்களும் இதில் இறங்கவேண்டாம். பின்சக்கரக் கூட்டுக்குள்ளேயே மூன்று கியர் அடங்கிய பழைய சைக்கிள்கள் கிடைக்கின்றன. அவர்களுக்கு அதுவே பொருத்தம். மற்றவர்கள் முதல் 50 கிலோமீற்றருக்குப் பின் அச்சு நட்டுகளையும் செயின் தொய்வையும் இன்னொருமுறை பாருங்கள். அச்சு நகர்வதால் முதல் வாரத்தில் அளவு மாறக்கூடும்.